விளக்கு யாருக்குச் சாட்சி?

(மாடல் ரயில் பாதையில் பாயிண்ட்டுகளுக்கு ஒயரிங் செய்வது பற்றிப் பள்ளி, பாலிடெக்னிக் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் இந்தப் பலகையைப் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம். நடுவில் ஒரு ரயில் பாதை. அதன் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர் அகலம். உலகம் முழுவதும் ஹெச்.ஓ. என்று சொல்கிற அளவு இது. உண்மையான ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியது. பாதி தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. நேரே போவது மெயின் லைன். இடப்பக்கம் வளைவது லூப் லைன். பிரிகிற இடத்துக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பெயர் பாயிண்ட். அங்கே கூர்மையாகச் சீவிய இரண்டு தண்டவாளங்கள் இங்குமங்கும் நகர்கின்றன. அவற்றை நாக்கு என்று சொல்வோம். நாக்கு எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் வண்டி எந்த வழியில் போகும் என்பது முடிவாகும்.

பலகையின் முன்பக்கத்தில் ஒரு லீவர் சுவிட்ச். மேலே தள்ளினால் மெயின், கீழே தள்ளினால் லூப். அடியில் ஒரு சிறிய மோட்டார். ஓரத்தில் வரிசையாக மூன்று ஜோடி விளக்குகள். பச்சை எரிந்தால் மெயின், மஞ்சள் எரிந்தால் லூப். இப்போது லீவரைக் கீழே தள்ளுகிறேன். மோட்டார் மெதுவாக இழுக்கிறது, நாக்கு நகர்கிறது, மூன்று மஞ்சளும் எரிகின்றன. மேலே தள்ளுகிறேன். மூன்று பச்சை.

மறுபடி லூப்புக்குத் தள்ளிவிட்டு, ஒரு காரியம் செய்கிறேன். இது என் சட்டைப்பையில் இருந்த விசிட்டிங் கார்டு. அதிலிருந்து விரல் நக அளவு கிழித்து, மெயினுக்கு வரும்போது நாக்கு போய் ஒட்ட வேண்டிய இடத்தில் செருகுகிறேன். இப்போது லீவரை மேலே தள்ளுகிறேன். விளக்குகளைப் பாருங்கள். முதல் விளக்கு பச்சை. இரண்டாவதும் பச்சை. மூன்றாவது ஜோடியில் பச்சையும் எரியவில்லை, மஞ்சளும் எரியவில்லை.

இதில் பழுதான விளக்கு எது என்று கேட்டால், மூன்றாவது என்று சொல்லத் தோன்றும். தம்பிகளே, மூன்றும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான். முதல் விளக்கை லீவரோடு இணைத்திருக்கிறேன். ‘என்ன உத்தரவு போட்டாய்?’ என்பதற்கு அது சாட்சி. இரண்டாவதை மோட்டாருக்குள் இருக்கும் தொடுமுனையோடு இணைத்திருக்கிறேன். ‘மோட்டார் திரும்பியதா?’ என்பதற்கு அது சாட்சி. மூன்றாவதை நாக்கோடு சேர்ந்து நகரும் இரண்டு குட்டி சுவிட்சுகளோடு இணைத்திருக்கிறேன். நாக்கு முழுதாகப் போய் ஒட்டினால்தான் அவை மூடும். ‘நாக்கு எங்கே நிற்கிறது?’ என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. வரப்போகும் வண்டிக்கு வேண்டியது இந்த மூன்றாவது பதில். உங்கள் லீவர் எங்கே இருக்கிறது என்று வண்டியின் சக்கரத்துக்குத் தெரியாது. அது நாக்கு காட்டும் வழியில் போகும்.

இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். உத்தரவு வேறு, நிலை வேறு. நல்ல ஒயரிங் இரண்டையும் பிரித்து வைக்கும். விளக்கை எப்போதும் நிலையோடு கட்டும்.

இனி அடியிலிருந்து வருவோம். மாடல் ரயிலில் தண்டவாளமே ஒயர். இடது தண்டவாளம் மின்சாரத்தின் ஒரு முனை, வலது தண்டவாளம் மறுமுனை. எஞ்சினின் சக்கரங்கள் இரண்டிலிருந்தும் மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கின்றன. நேர்ப் பாதையில் இதில் சிக்கல் கிடையாது. பாயிண்ட்டில் என்ன நடக்கிறது? மெயினின் இடது தண்டவாளமும் லூப்பின் வலது தண்டவாளமும் ஓர் இடத்தில் ஒன்றையொன்று வெட்டி, ‘வி’ போலக் கூடுகின்றன. நம் ரயில்வேயில் அதைக் கிராசிங் என்பார்கள். அமெரிக்கர்கள் தவளை என்பார்கள். குதிரைக் குளம்பின் அடிப்பக்க முக்கோணத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர்; வடிவம் ஒத்திருந்ததால் இதற்கும் அது ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள்.

அந்தச் சின்ன உலோகத் துண்டுக்கு எந்த முனையைக் கொடுப்பது? வண்டி மெயினில் போகும்போது அது இடது தண்டவாளம், ஒரு முனை வேண்டும். லூப்பில் போகும்போது அதே துண்டு வலது தண்டவாளம், மறுமுனை வேண்டும். மாற்றிக் கொடுத்தால் சக்கரம் ஏறிய நொடியில் ஷார்ட். இந்த வம்பே வேண்டாம் என்று அந்தத் துண்டைப் பிளாஸ்டிக்கில் செய்து விற்கிறார்கள். நீளமான எஞ்சின் அதைத் தாண்டிவிடும். நான்கு சக்கரமே உள்ள சின்ன ஷண்டிங் எஞ்சின் மெதுவாக வந்தால் மின்சாரம் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடும், நீங்கள் விரலால் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே உலோகத்தில் செய்து, முனையை மாற்றிக் கொடுப்பதுதான் உருப்படியான வழி.

கடையில் வாங்கும் உலோகக் கிராசிங் பாயிண்ட்டுகள் பலவற்றில் இந்த மாற்றத்தை நாக்கே செய்யும். பக்கத்துத் தண்டவாளத்தை நாக்கு தொட்டால், அந்த முனை நாக்கு வழியாகக் கிராசிங்குக்குப் போகும். பெட்டியைப் பிரித்த நாளில் அருமையாக ஓடும். பிறகு தூசி படியும், தண்டவாளத்துக்குத் துருநிறம் அடிக்கும்போது பெயிண்ட் சொட்டும், கடற்காற்று வீசும் ஊராக இருந்தால் உலோகம் கறுக்கும். தொட்டாற்போல் இருக்கும், மின்சாரம் போகாது. ஆகவே நான் செய்வது இப்படி. கிராசிங்கிலிருந்து வெளியே போகும் இரண்டு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு அதைத் தனியாக்குவேன். நாக்கு ஒவ்வொன்றையும் அதன் பக்கத்துத் தண்டவாளத்தோடு குட்டி ஒயரால் நிரந்தரமாகச் சேர்ப்பேன். நாக்கையும் கிராசிங்கையும் இணைக்கும் தொடர்பை அறுப்பேன். கிராசிங்கிலிருந்து ஒரு பச்சை ஒயரை இறக்கி, மோட்டாரோடு திரும்பும் சுவிட்சின் நடுக்காலில் கட்டுவேன். மற்ற இரண்டு கால்களுக்குச் சிவப்பும் கறுப்பும், அதாவது இரண்டு முனைகளும். மோட்டார் திரும்பும்போது கிராசிங்கின் முனையும் தானாக மாறும்.

ஒயரைத் தண்டவாளத்தில் சால்டர் வைப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. சக்கரத்தின் விளிம்பு உள்பக்கமாக உரசிப் போகும். ஆகவே ஒயர் வெளிப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தைச் சின்ன அரத்தால் பளபளக்கத் தேய்த்து, ஃபிளக்ஸ் தடவி, தண்டவாளத்தில் ஒரு துளி, ஒயர் நுனியில் ஒரு துளி ஈயம் முன்னதாகவே ஏற்றிவிடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு நொடி சூடு காட்டினால் போதும். தயங்கித் தயங்கி பத்து நொடி வைத்தால் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் உருகி, தண்டவாளத்தின் அகலமே மாறிவிடும். பலகையின் அடியில் தடித்த செம்புக் கம்பி இரண்டு ஓட வேண்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய ஒயர் அதற்குரிய கம்பியில் வந்து சேர வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துத் தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள். டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும்; 5 ஆம்பியர் வரைகூடப் பாயும். நாணயம் வைத்த உடனே கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஏதாவது ஒரு மூலையில் துண்டிக்காமல் நாணயம் சூடானால், அங்கே போகும் ஒயர் மெல்லியது, அல்லது இணைப்பு சரியில்லை என்று பொருள். பாதை முழுவதும் இரண்டடிக்கு ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு மாலை நேரம் போகும். ஆனால் ஒரு விபத்து மிச்சமாகும்.

நாக்கை நகர்த்துவதற்கு வருவோம். பழைய முறை இரட்டைச் சுருள். நடுவில் இரும்புத் தண்டு, இரு பக்கமும் ஒவ்வொரு செம்புச் சுருள். ஒரு சுருளில் கண நேரம் மின்சாரம் பாய்ச்சினால் ‘டக்’ என்று தண்டு இந்தப் பக்கம் வரும். அந்தக் கண நேரத்துக்கு மேல் போனால் சுருள் கருகிவிடும். பொத்தான் ஒட்டிக்கொண்டாலே போதும், காரியம் கெட்டுவிடும். இதற்காகவே கப்பாசிட்டர் பெட்டி ஒன்றை இடையில் வைப்பார்கள். சொட்டுச் சொட்டாக நிரம்பிய குடத்தை ஒரே வீச்சில் கவிழ்ப்பது போல, சேர்த்து வைத்த மின்சாரம் மொத்தமும் சுருளில் பாயும். பொத்தான் ஒட்டிக்கொண்டாலும் குடம் காலியாகிவிட்டது, சுருள் பிழைத்தது.

இந்தப் பலகையில் இருப்பது வேறு வகை, மெதுவாக இழுத்து, முட்டி நிற்கும் மோட்டார். முட்டிய பிறகும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், சுமார் 15 மில்லியாம்பியர்தான், கருகாது. மின்சாரத்தின் திசையை மாற்றினால் மறுபக்கம் ஓடும். ஆனால் கவனியுங்கள். மோட்டாருக்கும் நாக்குக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் கம்பி இருக்கிறது. நாக்கு எதிலாவது சிக்கினால் கம்பி வளைந்துகொடுக்கும், மோட்டார் தன் ஓட்டத்தை முடித்துவிடும். விசிட்டிங் கார்டைச் செருகியபோது இரண்டாவது விளக்கு பச்சையாக எரிந்தது இதனால்தான். மோட்டார் பொய் சொல்லவில்லை. தான் திரும்பியதைச் சொன்னது. நாக்கைப் பற்றி அதனிடம் கேட்டது நம் பிழை.

இது விளையாட்டுச் சாமானுக்கு மட்டும் உரிய கவலை என்று நினைத்துவிடாதீர்கள். நிஜ ரயில்வேயில் மின்மோட்டார் நாக்கை நகர்த்தும் தண்டு ஒன்று. நாக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் தண்டு வேறு. இந்திய ரயில்வேயில் பராமரிப்புக்கு வருகிறவர்கள் 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் இரும்புத் துண்டை, நாக்கின் நுனியிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி, நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையே வைத்துப் பாயிண்ட்டை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தத் துண்டு இருக்கும்வரை பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது, சிக்னல் விழ இடம் தரவும் கூடாது. நான் விசிட்டிங் கார்டால் செய்து காட்டியது இந்தச் சோதனையைத்தான். அந்த 5 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம். அந்த நுட்பம் என் குட்டி சுவிட்சுகளுக்கு வராது. நிஜ ரயில்வே எவ்வளவு கறாராக இருக்கிறது என்று இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கறார் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1856-ல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் பாயிண்ட்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பிணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாயிண்ட் எந்த வழிக்கு இருக்கிறதோ அதற்கு மாறான சிக்னலை இழுக்க முடியாதபடி செய்வதுதான் இந்த வழியில் வளர்ந்த பூட்டுமுறையின் சாரம். 1889-ல் பிரிட்டன் பயணிகள் பாதைகளில் அதைச் சட்டமாகவே ஆக்கியது. மனிதனின் ஞாபகத்தை நம்பி இருந்த ஒன்றை இரும்பின் பொறுப்பில் விட்டார்கள்.

இரும்பின் வேலையைப் பிறகு மின்சாரம் எடுத்துக்கொண்டது. ரிலே என்றால் மின்காந்தம் இழுத்து மூடும் சுவிட்ச். 1937-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர் ஓர் ஆய்வேடு எழுதினார். இரண்டு சுவிட்சுகளை வரிசையாக வைத்தால் ‘இதுவும் அதுவும்’. பக்கம் பக்கமாக வைத்தால் ‘இதுவோ அதுவோ’. ரிலே இணைப்புகளைத் தர்க்கக் கணிதமாக எழுதிவிடலாம் என்று காட்டினார். இன்றைய கம்ப்யூட்டரின் அடித்தளங்களில் அது ஒன்று.

அதே எம்.ஐ.டி.யில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கினார்கள். போர்க்காலத்தில் 1943-ல் தற்காலிகமாகக் கட்டிய மரக் கட்டடம் ஒன்றில் அவர்களுடைய ரயில் ஓடியது. கிளப்பில் இரண்டு கூட்டம். ஒன்று எஞ்சினுக்கு வண்ணம் பூசி, மலையும் மரமும் செய்து, மேசைக்கு மேலே வேலை பார்த்தது. இன்னொன்று ‘சிக்னல்ஸ் அண்ட் பவர்’ குழு. அவர்கள் மேசைக்கு அடியில் படுத்துக்கிடந்தார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வைத்துப் பாயிண்ட்டுகளுக்கும் வண்டிகளுக்கும் கட்டுப்பாடு அமைத்தார்கள். ‘ஹேக்’ என்ற சொல்லுக்கு நுட்பமான, அழகான வேலை என்ற பொருள் அங்கேதான் ஊறியது. 1959-ல் பீட்டர் சாம்சன் என்ற உறுப்பினர் தொகுத்த கிளப் அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. ஸ்டீவன் லெவி 1984-ல் கம்ப்யூட்டர் ஹேக்கர்களின் வரலாற்றை எழுதியபோது இந்த ரயில் மேசையிலிருந்துதான் தொடங்கினார். பாயிண்ட்டுக்கு ஒயர் இழுத்துப் பழகிய கைகள் அடுத்த கட்டமாகக் கம்ப்யூட்டருக்குப் போனதில் வியப்பில்லை. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றே. எந்தெந்த நிபந்தனை நிறைவேறினால் எது நடக்கலாம்?

நீங்களும் அதை இன்றே செய்து பார்க்கலாம். லீவர் மெயினில் இருக்க வேண்டும், நாக்கும் மெயினில் ஒட்டியிருக்க வேண்டும், எதிரே வேறு வண்டி நிற்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் பச்சை. மூன்று சுவிட்சுகளை வரிசையாக வைத்து, 12 வோல்ட்டும் 1,000 ஓம் ரெசிஸ்டரும் ஒரு பச்சை எல்.இ.டி.யும் சேருங்கள். ஷானன் சொன்ன ‘இதுவும் அதுவும்’ உங்கள் உள்ளங்கையில் எரியும். இந்த அமைப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. எங்காவது ஒயர் அறுந்தால் பச்சை அணைந்துவிடும். பழுது வந்தால் ‘நில்’ என்று சொல்கிற பக்கமாகச் சாய வேண்டும். சிக்னல் துறையின் முதல் பாடமே அதுதான்.

இனி நான் சொல்லப்போவது மனதுக்குக் கஷ்டமான விஷயம். 2023 ஜூன் 2-ஆம் தேதி மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹாநகா பஜார் என்ற ஸ்டேஷன். ஷாலிமாரிலிருந்து நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு மெயின் லைனில் நேரே போகப் பச்சை சிக்னல் விழுந்தது. பாயிண்ட் லூப்புக்குத் திரும்பியிருந்தது. லூப்பில் சரக்கு ரயில் நின்றிருந்தது. 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் நேர்ந்த தவறுகளைக் காரணமாகக் காட்டியது. லெவல் கிராசிங் பக்கத்துப் பெட்டிக்குள் ஒயர்களின் பெயர்ச்சீட்டுகள் தவறாக இருந்ததும், பல ஆண்டுகள் யாரும் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்ததும் அதில் வெளிவந்தன. நாக்கு ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம். என் பலகையில் விளையாட்டாகக் காட்டிய அதே பிளவு அங்கே மனிதர்களை விழுங்கிவிட்டது. நம் வீட்டில் எத்தனை பேர் அந்த வண்டியில் போய் வந்திருக்கிறோம்!

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், என் சொந்த மேசையில் அந்தத் தவறு ஏற்கெனவே நடந்திருந்தது. ஒரு பாயிண்ட்டுக்கு ஒயர் இழுத்தபோது பச்சை ஒயர் தீர்ந்துபோய், கையில் இருந்த சிவப்பையே கிராசிங்குக்குப் போட்டேன். ஞாபகம் இருக்கும் என்று சீட்டு ஒட்டவில்லை. இரண்டு வருஷம் கழித்து மோட்டாரை மாற்றியபோது அந்தச் சிவப்பை மற்றச் சிவப்புகளோடு முறுக்கிவிட்டேன். அன்று முழுக்க ஷார்ட். வீட்டுக்கு மின் இணைப்பு வேலைக்கு வந்திருந்த எலெக்ட்ரீஷியன் தம்பி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். “சார், போட்டவருக்கு மட்டும் புரியற ஒயரிங், ஒயரிங்கே இல்ல சார். நாளைக்கு நீங்களே வேற ஆள்” என்றார். முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் நான் நடத்திய பாடத்தை விட அந்த ஒரு வாக்கியம் பெரியது என்று இன்றும் நினைக்கிறேன். நாளைக்கு நாமே வேறு ஆள். இன்றைய ஞாபகம் அந்த ஆளிடம் இருக்காது. சீட்டு மட்டும்தான் இருக்கும்.

ஆகவே தொடங்கப்போகும் உங்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒரு நிறத்துக்கு ஒரே வேலை கொடுங்கள். அந்த நிறம் தீர்ந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போங்கள். ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் எங்கிருந்து எங்கே என்று எழுதிய சீட்டைக் கட்டுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். எதை மாற்றினாலும், மாற்றிய பிறகு விளக்கைப் பார்த்துத் திருப்திப்படாமல் குனிந்து நாக்கைப் பாருங்கள். மெயினுக்கு ஒரு முறை, லூப்புக்கு ஒரு முறை. விளக்கும் நாக்கும் ஒன்றே சொல்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகு வண்டியை விடுங்கள்.

கார்டுத் துண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருக்கும் தங்கை, நீ வாம்மா. லீவரைத் தொடாதே, அந்தத் துண்டை மட்டும் மெதுவாக உருவு. பார்த்தீர்களா? வளைந்திருந்த ஸ்பிரிங் நிமிர்ந்து நாக்கைக் கொண்டுபோய் ஒட்டவைத்தது. மூன்றாவது பச்சையும் எரிந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் பலகையைத் திருப்பிக் கவிழ்த்து வைக்கிறேன். மேலே இருக்கும் ரயிலை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. எல்லோரும் வந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். 23 ஒயர் இருக்கிறது, 46 சீட்டு இருக்கிறது. சீட்டு இல்லாத முனை ஏதாவது கண்ணில் பட்டால் என்னிடம் சொல்லுங்கள். இங்கேயே எழுதிக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.